நீக்கிய அஞ்சலும் நிறையும் பெட்டியும்

தனிமனிதருக்கு மின்னஞ்சல் கணக்கு ஒரு தொடர்புக் கருவி. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஊர்ப் பஞ்சாயத்துக்கோ அது ஆவணப் பெட்டி. மனு அனுப்பியதற்கான சான்று, அலுவலகம் தந்த ஒப்புகை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த பதில், வழக்கறிஞருக்குச் சென்ற படங்கள் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டே போவதால், அந்தப் பெட்டி நிறைவதும், நிறைந்தபின் எதையாவது நீக்க நேர்வதும், அவசரத்தில் நீக்கக்கூடாதது நீங்கிப்போவதும் தொடர்ந்து நிகழக்கூடியவை. நீக்குதல் என்னும் செயல் கணக்குக்குள் எப்படி நடைபெறுகிறது, சேமிப்பிட வரம்பு எவற்றால் நிறைகிறது, இவ்விரண்டையும் ஊரின் பொதுக் கணக்கை வைத்திருப்பவர் எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை இந்த இயல் விளக்குகிறது.

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும் அமைய, வடக்கில் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் தெற்கில் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் காட்டுப்பள்ளிக் கரையின் ஊர்களுக்கு இது வெறும் கணினிப் பாடம் அன்று. ஏறத்தாழ 330 ஏக்கரில் இயங்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கான பொது விசாரணை முதலில் 2021 ஜனவரி 22 அன்று நடைபெறும் என அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2023 செப்டம்பர் 5 என அறிவிக்கப்பட்டு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. பொது விசாரணை என்பது, ஒரு திட்டத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் கருத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் கேட்டுப் பதிவுசெய்யும் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது; கூட்டத்துக்கு வருவோரின் பேச்சை மட்டுமன்றி எழுத்து வடிவிலான கருத்துகளையும் ஏற்க வேண்டும் என்கிறது. அந்த 30 நாள்களில் பல நூறு பக்க அறிக்கைகளும் வரைபடங்களும் மனுக்களும் மின்னஞ்சல் வழியே கைமாறுகின்றன. ஊரின் பெட்டி அப்போது நிறைந்திருந்தால் இழப்பு ஊருக்கே.

பெட்டியை நிறைப்பவை

இன்று பலரும் வைத்திருக்கும் ஜிமெயில் கணக்கு 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிகாபைட் இடத்துடன் தொடங்கியது. ஒரு ஜிகாபைட் என்பது ஏறத்தாழ ஆயிரம் மெகாபைட். பிற இலவச அஞ்சல் சேவைகள் ஒருசில மெகாபைட் மட்டுமே தந்துகொண்டிருந்த அக்காலத்தில் இனி எதையும் நீக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது. அந்த எண்ணம் பழக்கமாக நிலைத்துவிட்டதே பிற்காலச் சிக்கலின் வேர் எனலாம். தற்போது கட்டணமின்றிக் கிடைப்பது 15 ஜிகாபைட். அது அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. கூகுள் டிரைவ் எனப்படும் கோப்புக் கிடங்கும் கூகுள் போட்டோஸ் எனப்படும் படக் கிடங்கும் அதே 15 ஜிகாபைட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. 2021 ஜூன் 1 வரை, அளவு குறைத்துச் சேமிக்கப்படும் படங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த நாளுக்குப்பின் ஏற்றப்படும் படங்கள் சேர்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எடுக்கப்படும் வாட்ஸ்அப் காப்புநகலும் முன்பு கணக்கில் சேராமல் இருந்து, இப்போது சேர்கிறது. ஆகவே அஞ்சல் பெட்டி நிறைந்தது என்ற எச்சரிக்கை வரும்போது, நிறைத்தது அஞ்சலாக இல்லாமல் குடும்பப் படங்களாகவோ வாட்ஸ்அப் வீடியோக்களாகவோ இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. சங்கத்தின் கணக்கைச் செயலாளர் தம் சொந்தக் கைப்பேசியின் முதன்மைக் கணக்காக வைத்திருக்கும்போது இந்தக் கலப்பு தானாகவே நேர்ந்துவிடுகிறது. கைப்பேசியில் சங்கத்தின் கணக்கைச் சேர்த்துக்கொண்டாலும், படங்களின் தானியங்கிக் காப்பும் வாட்ஸ்அப் காப்பும் அந்தக் கணக்குக்குச் செல்லாமல் நிறுத்திவைப்பது முதல் வேலை.

எடை என்ற ஒன்றை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இணைப்பு ஏதுமின்றி எழுத்து மட்டும் கொண்ட ஓர் அஞ்சல் பெரும்பாலும் 50 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். தெளிவான ஒரு நிமிட வீடியோ சுமார் 100 மெகாபைட்டைத் தொடும். இந்தக் கணக்கின்படி ஆயிரம் கடிதங்களை நீக்கினால் கிடைக்கும் இடம் அரை நிமிட வீடியோவுக்குத்தான் போதும். மீன் செத்து மிதந்ததைப் பதிவுசெய்த மூன்று நிமிட வீடியோவைப் பத்துப் பேருக்குத் தனித்தனியே அனுப்ப முயன்றால் என்ன ஆகும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஜிமெயிலில் ஓர் அஞ்சலுடன் இணைத்து அனுப்பக்கூடிய உச்ச அளவு 25 மெகாபைட். அதைக் கடந்தால் கோப்பு டிரைவில் ஏற்றப்பட்டு, அஞ்சலில் அதன் சுட்டி மட்டும் செல்கிறது. அங்கே ஏறிய 300 மெகாபைட்டும் அனுப்பியவரின் இடத்திலேயே தங்குகிறது. ஆனால் இடம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது பழைய கடிதங்களில். எடையற்றதும் மதிப்பு மிக்கதுமான கடிதம் நீங்குகிறது. எடை மிக்க வீடியோவின் நகல்கள் அப்படியே இருக்கின்றன. இடத்தை எடையால் மீட்க வேண்டுமே தவிரப் பழமையால் மீட்கக்கூடாது என்பதே இந்த இயலின் மையக் கருத்து.

நீக்குதல் என்னும் இரண்டு படிகள்

அஞ்சலைத் திறந்து நீக்குக் குறியை அழுத்தும்போது அது அழிவதில்லை. டிராஷ் என்றோ பின் என்றோ பெயரிடப்பட்ட குப்பைத் தொட்டிக்கு நகர்கிறது. ஜிமெயிலில் அங்கே 30 நாள் இருந்து, அதன்பின் தானாகவே நிரந்தரமாக நீங்குகிறது. வேண்டாத அஞ்சல் என்று கருதி ஸ்பேம் பெட்டிக்குள் தள்ளப்பட்டவற்றுக்கும் அதே 30 நாள்தான். இந்த இரண்டு பெட்டிகளிலும் உள்ளவை, இருக்கும் நாள்வரை 15 ஜிகாபைட் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் நீக்கியபின்னும் இடம் கிடைக்கவில்லையே என்று மலைப்பவர்கள் குப்பைத் தொட்டியை இன்னும் காலி செய்யாதவர்கள். காலி செய்துவிட்டாலோ, மீட்க வழி இல்லை என்றே கொள்ள வேண்டும். கணக்கு திருடப்பட்ட சூழலில் சேவை நிறுவனத்திடம் மீட்புக் கோரிக்கை வைக்க ஒரு படிவம் உண்டு என்றாலும், அதன் பயன் உறுதியன்று.

ஒரே பொருள்குறித்த அஞ்சல்களை உரையாடலாகத் தொகுத்துக் காட்டும் அமைப்பில், அந்த உரையாடலை நீக்கினால் வந்த அஞ்சலோடு அனுப்பிய அஞ்சலும் சேர்ந்தே போகிறது. வாரியத்துக்கு ஊர் அனுப்பிய ஆட்சேபமும், அதற்கு வந்த ஒருவரி ஒப்புகையும் ஒரே உரையாடலாக இருக்கும்போது, ஒப்புகையை மட்டும் நீக்குவதாக எண்ணி அழுத்தும் ஒரு விரல் இரண்டையும் அகற்றிவிடும். கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் திறந்திருப்பதும் இவ்வாறே கவனத்துக்குரியது. ஐமேப் எனப்படும் முறையில் அஞ்சல் தொலைவிலுள்ள சேவையகத்தில் இருக்க, கைப்பேசியும் கணினியும் அதன் பிரதிபலிப்பை மட்டுமே காட்டுகின்றன. ஆகவே ஒரு கைப்பேசியில் நீக்கியது எல்லாவற்றிலும் நீங்கிவிடும். பழைய பாப் முறையில் அஞ்சல் கணினிக்கு இறங்கிவிடுகிறது. சேவையகத்தில் நகல் வைக்கச் சொல்லி அமைக்காவிட்டால் அந்தக் கணினி கெட்டதும் அஞ்சலும் கெட்டது.

இன்பாக்ஸை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஆர்க்கைவ் என்னும் வசதி போதும்; அது அஞ்சலைப் பார்வையிலிருந்து எடுத்துக் கணக்குக்குள் பத்திரமாக வைக்கிறது, தேடினால் கிடைக்கிறது. ஆனால் அதனால் ஒரு கிலோபைட் இடமும் மிச்சமாவதில்லை.

சேவைகள்தோறும் இந்த நாள் கணக்கு மாறுபடும். யாஹூ அஞ்சலில் குப்பைத் தொட்டியின் காலம் 7 நாளே. ஐகிளவுடில் கட்டணமின்றிக் கிடைக்கும் மொத்த இடம் 5 ஜிகாபைட். எந்தச் சேவையாயினும், கணக்கைப் பொறுப்பேற்பவர் முதல் நாளிலேயே அறிந்து குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு: குப்பைத் தொட்டியின் நாள், மொத்த இடத்தின் அளவு.

தொட்டியின் 30 நாளும் சட்டத்தின் 30 நாளும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பொதுத் தகவல் அலுவலருக்குத் தரும் காலம் பொதுவாக 30 நாள். பதில் நிறைவளிக்காவிட்டால், அது கிடைத்த நாளிலிருந்து முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். சுற்றுச்சூழல் அனுமதி ஒன்றை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 2010ஆம் ஆண்டின் சட்டம் தருவது 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. சுற்றுச்சூழல் பாதிப்புக்கு இழப்பீடு கோரும் மனுவுக்கோ 5 ஆண்டு வரை காலம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் கறைபிடித்த நாள்களில் எடுக்கப்பட்ட படங்களும், அவற்றை அனுப்பிய அஞ்சல்களும் எத்தனை காலம் தேவைப்படும் என்பதற்கு இந்த 5 ஆண்டு என்ற எண்ணே அளவுகோல். 30 நாளில் மறந்துவிடும் தொட்டியை நம்பி 5 ஆண்டுக்கான சான்றை விட முடியாது.

பெட்டி முழுதும் நிறைந்துவிட்டால் நிகழ்வது இன்னும் கடுமையானது. புதிய அஞ்சல் உள்ளே வராது, அனுப்பவும் முடியாது. வந்த அஞ்சலைச் சேவையகம் ஏற்காமல் அனுப்பியவரின் சேவையகத்துக்கு ஒரு குறியீட்டு எண்ணுடன் திருப்புகிறது. 452 என்பது தற்காலிக மறுப்பு. அனுப்பும் சேவையகம் வழக்கமாக நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும். 552 என்பது நிரந்தர மறுப்பு. முயற்சி அத்துடன் முடிகிறது. தற்காலிக மறுப்பாயின், நிறைந்தது தெரிந்த உடனே இடம் ஏற்படுத்தினால் வழியில் நிற்கும் அஞ்சல்களுள் பல வந்து சேர்ந்துவிடும். எனவே அன்றைய வேலையை மறுநாளுக்குத் தள்ளக்கூடாது. திரும்பிய அஞ்சலை அனுப்பியவர் கவனித்து மீண்டும் அனுப்புவார் என்று எதிர்பார்ப்பதும் வீண். அலுவலகங்களின் தானியங்கி அஞ்சல்கள் பலவும் பதில் பெறாத முகவரிகளிலிருந்து வருபவை, திரும்பியதை அங்கே பார்ப்பார் இல்லை.

அஞ்சல் பெட்டிக்குள் சேரும் நேரத்துக்குச் சட்டத்தின் பார்வையிலும் இடமுண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 13ஆம் பிரிவு, மின்னணு ஆவணம் ஒன்று எப்போது பெறப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதை, பெறுபவர் குறித்துக்கொடுத்த கணினி அமைப்புக்குள் அது நுழைந்த நேரத்தைக்கொண்டு வரையறுக்கிறது. திறந்து படித்த நேரம் அங்கே அளவுகோல் அன்று. ஆகவே மேல்முறையீட்டுக்கான நாள்கள் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டன என்ற வாதத்துக்கு ஊர் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்த அஞ்சலுக்கும் அந்த வாதம் பொருந்தும் என்பதால், வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியையும் திறந்து பார்ப்பது கட்டாயம்.

இத்துடன் அறிய வேண்டியவை இரு வேறு இரண்டாண்டு விதிகள். கூகுள் கணக்கு இடவரம்பைக் கடந்த நிலையிலேயே 2 ஆண்டு தொடர்ந்தால் அதிலுள்ளவை நீக்கப்படக்கூடும்; 2 ஆண்டு எவரும் உள்நுழையாத தனிநபர் கணக்கே முழுதாக நீக்கப்படக்கூடும். ஒரு வழக்குக்காகவோ ஒரு போராட்டத்துக்காகவோ தொடங்கிப் பின்னர் எவரும் தொடாமல் விட்ட கணக்குகளுக்கு இரண்டாவது விதி பெரும் ஆபத்து.

இடம் மீட்கும் முறை

எதையும் நீக்குவதற்குமுன் நகல் எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. கூகுள் டேக்அவுட் என்னும் வசதி, கணக்கிலுள்ள அஞ்சல் முழுவதையும் எம்பாக்ஸ் என்ற வடிவில் ஒரே கோப்பாகத் தருகிறது. தண்டர்பேர்ட் போன்ற இலவச அஞ்சல் மென்பொருளில் அதைத் திறந்து படிக்க முடியும். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ உள்ள ஒரு கணினி மையத்தில் இதைச் செய்து இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றி, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறொருவர் வீட்டிலும் வைப்பது தகும்; பொதுக் கணினியில் செய்தபின் கணக்கிலிருந்து வெளியேறுவதையும் இறக்கிய கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழிப்பதையும் மறக்கலாகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்முன், செப்டம்பரில் இதைச் செய்வது இந்தக் கரைக்கு ஏற்ற காலம். புயல் வந்தபின் மின்சாரமும் இருக்காது, கைப்பேசி நனையாமல் தப்பும் என்பதற்கும் உறுதியில்லை.

நகல் கையில் வந்தபின், முதலில் குப்பைத் தொட்டியையும் ஸ்பேம் பெட்டியையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, தேவையானதை இன்பாக்ஸுக்கு மாற்றிவிட்டு, எஞ்சியதைக் காலி செய்யலாம். அடுத்துத் தேடல் கட்டத்தின் ஓரத்திலுள்ள வடிகட்டிக் குறியைத் திறந்து, அளவு 10 மெகாபைட்டுக்கு மேற்பட்ட அஞ்சல்களை மட்டும் காட்டச் சொன்னால், இடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட சில டஜன் அஞ்சல்கள் மட்டும் முன்வந்து நிற்கும். அவற்றுள் ஒரே கோப்பின் மறுநகல்கள், தெளிவற்ற வீடியோக்கள், அரசு இணையதளத்தில் இன்றும் கிடைக்கும் பெரிய அறிக்கைகள் ஆகியவை நீக்கத்தக்கவை. மூன்றாவது வகையில் மட்டும் சற்றுத் தயக்கம் வேண்டும்: இணையதளத்தில் வரைவு அறிக்கையை அகற்றித் திருத்தியதை வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், ஊருக்கு முதலில் வந்த வடிவத்தைப் பென் டிரைவில் வைத்துக்கொண்ட பின்பே நீக்க வேண்டும். டிரைவ், போட்டோஸ் இரண்டிலும் இதே வேலை தனியே உண்டு. டிரைவுக்கும் தனியாக ஒரு தொட்டி உண்டு, அதுவும் 30 நாளில் தானாகக் காலியாகும், அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

எந்த அளவிலும், எந்த வயதிலும் நீக்கக்கூடாதவை எவை என்பது ஊர்க் கூட்டத்தில் முடிவாகிப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்பியவை, அவர்களிடமிருந்து வந்தவை, தகவல் அறியும் உரிமை மனுக்கள், இழப்பீட்டுப் பட்டியல்கள், வழக்கறிஞருடனான அஞ்சல்கள் ஆகியவை அதில் இடம்பெறும். இவற்றுக்கெனத் தனி அடையாளப் பட்டை ஒன்றை உண்டாக்கி ஒவ்வொன்றின்மேலும் இட்டுவைத்தால், நீக்குபவர் கை அங்கே நிற்கும்.

சான்றாகப் பயன்படும் அஞ்சலைத் திரைப்பதிவாக மட்டும் வைத்திருப்பது போதாது. அஞ்சலின் தலைப்பகுதியில், அது எந்தச் சேவையகத்திலிருந்து எந்த நேரத்தில் புறப்பட்டு எந்த நேரத்தில் சேர்ந்தது என்ற விவரம் மறைந்திருக்கிறது. அஞ்சலை இஎம்எல் வடிவில் இறக்கினால் அந்த விவரமும் சேர்ந்து வரும், அச்செடுத்தால் வராது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க உரிய சான்றிதழ் தேவை என்பதை 2020இல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவும் அத்தகைய சான்றிதழைக் கேட்கிறது. மூல விவரத்தைக் காக்க வேண்டும் என்பது படங்களுக்கும் பொருந்தும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பிய படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் பதிந்த உள்விவரத்தையும் இழந்துவிடுகிறது. கைப்பேசியிலுள்ள மூலப் படத்தைக் கம்பி வழியே கணினிக்கு மாற்றியோ, ஆவணமாக அனுப்பியோ காக்க வேண்டும். இடம் மீட்பதற்காக மூலத்தை நீக்கிவிட்டு வாட்ஸ்அப் நகலை வைத்துக்கொள்வது பலரும் செய்யும் பெரும் பிழை.

முற்றாக நீங்கிய அஞ்சலுக்கும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. அனுப்பியவர் தம் பெட்டியில் நீக்குவது பெற்றவரின் பெட்டியைத் தொடுவதில்லை. ஊர் அனுப்பிய ஆட்சேபத்தின் நகல் அலுவலகக் கோப்பில் இருந்தால், அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாள் குறிப்பிட்டுக் கேட்டுப் பெறலாம். முக்கிய மனுவை அனுப்பும்போதே பக்கத்து ஊர்ச் சங்கத்தின் முகவரியையும் நகல் பெறுவோரில் சேர்த்துவிட்டால் இந்தச் சுற்று வழியும் தேவைப்படாது.

பொறுப்பு யாரிடம்

பழவேற்காட்டு ஏரியில் எந்தப் பாட்டில் (மீன்பிடி இடத்தில்) எவர் எந்த நாள் வலையிட வேண்டும் என்பதை முறைவைத்து வகுத்துக்கொண்ட பாடு முறை அறியாதார் இந்தக் கரையில் இல்லை. முறை எவருடையது என்பது தெரிந்திருப்பதால்தான் ஏரியில் சச்சரவு குறைகிறது. ஊரின் மின்னஞ்சலுக்கும் அவ்வாறு முறை வகுப்பது இயலும்: மாதம் ஒருவர் இடத்தின் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவும், 12 ஜிகாபைட்டைத் தாண்டியதும் கூட்டத்தில் தெரிவிக்கவும், நிரந்தர நீக்கத்தை இருவர் உடனிருந்தே செய்யவும் ஏற்பாடு செய்யலாம். கடவுச்சொல் ஒருவரின் நினைவில் மட்டும் இருத்தல் கூடாது. மீட்புக்கான கைப்பேசி எண், பதவி விலகிய செயலாளருடையதாகவே ஆண்டுக்கணக்கில் இருத்தலும் கூடாது. பொறுப்பு மாறும் நாளில் கணக்கேட்டையும் முத்திரையையும் ஒப்படைப்பதுபோலக் கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணை மாற்றி, பழைய கருவிகளிலிருந்து கணக்கை வெளியேற்றிப் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும்.

இரண்டுமுறை தள்ளிவைக்கப்பட்ட பொது விசாரணைக்குப் புதிய நாள் குறிக்கப்பட்டால், அன்றுமுதல் ஊருக்குக் கிடைப்பது மீண்டும் 30 நாளாகவே இருக்கக்கூடும். கணக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் அதற்குமுன், இந்த வாரத்திலேயே, குப்பைத் தொட்டியைத் திறந்து அதில் கிடப்பவற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.